ஃபாக், மிஸ்ட் இரண்டும் ஒன்றா? ஒத்த பொருள் கொண்ட ஆங்கிலச் சொற்களைப் பிரித்தறிய முழுமையான வழிகாட்டி

கொடைக்கானலில் டாக்ஸி ஓட்டுகிறவர்கள், தூண் பாறையில் இடம் சுற்றிக்காட்டுகிறவர்கள், நாயுடுபுரம் பக்கம் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் என்று பலருக்கும் மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். இலக்கணத்தைவிட அதிகமாக என்னிடம் வரும் கேள்வி இதுதான்: "ஃபாக்னாலும் பனிமூட்டம், மிஸ்ட்னாலும் பனிமூட்டம், அப்புறம் எதுக்கு டீச்சர் ரெண்டு வார்த்தை?" நல்ல கேள்வி. இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லி அனுப்பினால் அந்த ஒரு ஜோடி மட்டும்தான் தெரியும், அடுத்த வாரம் வேறு ஜோடியோடு திரும்பி வருவார்கள். அதனால் எந்த ஜோடி வந்தாலும் நாமே உட்கார்ந்து பிரித்துப் பார்க்கும் முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஃபாக், மிஸ்ட் இரண்டையும் கடைசி வரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம், ஏனென்றால் வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறுகிற யாருக்கும் இந்த இரண்டும் கண்ணுக்கு முன்னால் நிற்கிற விஷயம்.

தொடங்கும் முன் ஒன்று. ஆங்கிலம்–தமிழ் அகராதியை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். அது ஆங்கிலப் புத்தகம் படிக்கும்போது தெரியாத சொல்லுக்குப் பொருள் பார்க்க அருமையான துணை, ஆனால் இரண்டு சொற்களுக்கு நடுவில் உள்ள வித்தியாசத்தைக் கேட்டால் இரண்டுக்கும் நேராக மூடுபனி என்று போட்டுவிட்டு நின்றுவிடும். "இந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "எந்த இடத்தில் ஆங்கிலக்காரர் இதைச் சொல்வார், அதைச் சொல்லமாட்டார்?" என்று கேட்கத் தொடங்கினால் பாதி வேலை முடிந்த மாதிரி. கீழே வரும் படிகள் எல்லாமே இந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வழிகள்தான்.

முதல் படி: குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

எல்லா ஜோடிகளும் ஒரே வகை அல்ல. அஃபெக்ட், எஃபெக்ட் மாதிரி ஓசையால் குழப்புகிற ஜோடிகள் உண்டு, அவற்றுக்கு எழுத்துக்கூட்டைப் படித்துக்கொண்டால் போதும். பாரோ, லெண்ட் மாதிரி ஒரே கொடுக்கல் வாங்கலின் இரண்டு முனைகளாக இருக்கும் ஜோடிகள் உண்டு, கடன் வாங்குகிறவர் பக்கம் ஒன்று, கொடுக்கிறவர் பக்கம் ஒன்று. அவ்வளவுதான், அதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை.

உண்மையான வேலை இரண்டு வகைகளில்தான் இருக்கிறது. ஒன்று, தமிழில் ஒரே சொல் விரிந்த இடத்தை ஆங்கிலம் பல சொற்களாகப் பிரித்து வைத்திருப்பது. ஹியர், லிசன் இரண்டும் நமக்குக் கேட்பதுதான். பனியும் அப்படித்தான். மார்கழி விடியலில் தலையை நனைப்பதும் பனி, புல்மேல் முத்துமுத்தாக நிற்பதும் பனி, ஜனவரியில் ஏரியை ஒட்டிய புல்வெளியை வெள்ளையாக மாற்றுவதும் பனி, காஷ்மீரில் கொட்டுவதும் பனி. பத்திரிகைகளில் நீர்ப்பனி, உறைபனி, மூடுபனி என்று முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்துப் பிரித்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் ட்யூ, ஃப்ராஸ்ட், ஃபாக், மிஸ்ட், ஸ்னோ என்று ஒவ்வொன்றும் தனி ஆள். இரண்டாவது வகை, ஆங்கிலச் சொல் ஏற்கனவே தமிழுக்குள் வந்து குடியேறி, இங்கே தனக்கென்று ஒரு பொருளை எடுத்துக்கொண்டது. "கிளைமேட் சூப்பரா இருக்கு" என்று கோக்கர்ஸ் வாக்கில் நின்று சொல்கிறோமே, அந்தக் கிளைமேட் இந்த வகை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

இரண்டாம் படி: உங்களுக்கு ஏற்கனவே தெரிந்ததை எழுதுங்கள்

இதைப் பலரும் தவிர்த்துவிடுகிறார்கள், எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான். ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் ஃபாக், அந்தப் பக்கம் மிஸ்ட் என்று எழுதி, தமிழ்ப் பேச்சில் அந்தச் சொல் எங்கெல்லாம் வருகிறதோ அதையெல்லாம் இறக்கிவையுங்கள்.

ஃபாக் பக்கம் என்ன வரும்? வண்டியின் முன்னால் கீழே இருக்கும் ஃபாக் லைட். கொசுவுக்கு நகராட்சி ஆட்கள் தெருவில் புகை அடிக்கும் ஃபாகிங் மெஷின். மிஸ்ட் பக்கம்? முகத்தில் அடித்துக்கொள்ளும் ஃபேஸ் மிஸ்ட். நாற்றங்காலில் வேலை செய்தவர்களுக்கு மிஸ்ட் சேம்பர் தெரியும், வெட்டி நட்ட தண்டுகள் வாடாமல் வேர்விட நுண்ணிய தூறலாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கும் கூண்டு. இப்போது இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஃபாக் பக்கத்தில் இருப்பதெல்லாம் பார்வையை மறைக்கும் அடர்த்தியோடு சம்பந்தப்பட்டவை, கொசுப்புகைக்குள் மாட்டிக்கொண்டால் எதிரில் வரும் சைக்கிள் தெரியாது. மிஸ்ட் பக்கத்தில் இருப்பதெல்லாம் மெல்லிய ஈரம். அகராதியைத் திறக்காமலே வித்தியாசத்தின் முக்கால்வாசி கைக்கு வந்துவிட்டது.

ஆனால் எச்சரிக்கை, இந்தப் பட்டியல் ஒரு ஊகத்தைத்தான் தரும். பசுமைக்குடிலில் வேலை செய்கிறவர் ஒருவர் உடனே மறுப்பார்: அங்கே ஃபாகர் என்ற கருவி தெளிக்கும் துளி, மிஸ்டர் என்ற கருவியின் துளியைவிடச் சிறியது. அவர் சொல்வது சரிதான், ஒவ்வொரு தொழிலும் சொல்லைத் தன் வசதிக்கு வளைத்துக்கொள்ளும். அதனால் ஊகத்தை ஊகமாகவே வைத்துக்கொண்டு அடுத்ததுக்குப் போவோம்.

மூன்றாம் படி: ஆங்கிலம்–ஆங்கிலம் அகராதியைச் சரியாகப் படியுங்கள்

எந்த அகராதி என்பது முக்கியம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு எழுதிய பெரிய அகராதியை விட்டுவிட்டு, வெளியிலிருந்து கற்கிறவர்களுக்கென்றே எழுதியதை எடுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூன்றும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. லாங்மேன் 1978-இல் தன் அகராதியை வெளியிட்டபோது, ஏறத்தாழ 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே எல்லா விளக்கங்களையும் எழுதுவது என்று வைத்துக்கொண்டது. கடினமான சொல்லுக்கு இன்னொரு கடினமான சொல்லைத் தந்து ஓடவிடும் தொல்லை அதில் இல்லை.

படிக்கும் விதத்தைச் சொல்கிறேன். இரண்டு விளக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் பொதுவாக இருக்கும் சொற்களை அடித்துவிடுங்கள். நுண்ணிய நீர்த்துளிகள், காற்று, தரைக்கு அருகில் இவையெல்லாம் இரண்டிலும் இருக்கும், அடித்துவிடலாம். மிஞ்சுவதுதான் உங்களுக்கு வேண்டியது. ஃபாக்குக்கு அடர்த்தி, பார்ப்பது கடினம் என்பவை மிஞ்சும். மிஸ்ட்டுக்கு ஃபாக்கைவிட மெல்லியது என்ற ஒப்பீடு மிஞ்சும். ஒரு சொல்லை இன்னொன்றை வைத்தே விளக்கியிருந்தால் எரிச்சல்படாதீர்கள், எது அடிப்படை, எது அதன் மென்மையான வடிவம் என்று அகராதி உங்களுக்குச் சொல்லிவிட்டது என்று அர்த்தம். விளக்கத்தோடு நிறுத்தாமல் அதன்கீழ் உள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்களை எல்லாம் கையால் எழுதிக்கொள்ளுங்கள், அவை ஐந்தாம் படிக்குத் தேவைப்படும்.

இந்த இடத்தில் சிலர் சொல்லின் வேரைத் தேடிப் போவார்கள். சுவையான தேடல்தான், நானும் போவேன். மிஸ்ட் பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல், நாம் சமஸ்கிருதத்திலிருந்து எடுத்துக்கொண்ட மேகம் அதற்குத் தூரத்து உறவு என்று மொழியியலாளர்கள் சொல்கிறார்கள். ஆனால் வேரை வைத்து இன்றைய பொருளை முடிவு செய்யக்கூடாது. பக்கத்து நாடான நெதர்லாந்தின் டச்சு மொழியில் அதே மிஸ்ட் என்ற சொல்லுக்கு அடர்ந்த ஃபாக் என்றுதான் பொருள். ஒரே வேர், கடலைத் தாண்டினால் வேறு அளவு.

நான்காம் படி: யாராவது அளந்து வைத்திருக்கிறார்களா என்று தேடுங்கள்

எல்லாச் சொற்களுக்கும் இது கிடைக்காது. ஆனால் வானிலை, மருத்துவம், சட்டம், கட்டுமானம் மாதிரி துறைகளோடு தொட்டுக்கொண்டிருக்கும் சொல் என்றால், யாரோ ஒருவர் கண்டிப்பாக எல்லை போட்டு வைத்திருப்பார். ஃபாக், மிஸ்ட் விஷயத்தில் அந்த எல்லை மிகத் தெளிவானது: 1 கிலோமீட்டர். காற்றில் தொங்கும் நீர்த்துளிகளால் பார்வை தூரம் 1,000 மீட்டருக்குக் கீழே போனால் ஃபாக், 1,000 மீட்டரும் அதற்கு மேலும் தெரிந்தால் மிஸ்ட். உலகம் முழுக்க வானிலையாளர்கள் இப்படித்தான் எழுதுகிறார்கள். விமான நிலைய அறிக்கைகளில் ஃபாக்குக்கு எஃப்ஜி என்றும் மிஸ்ட்டுக்கு பிஆர் என்றும் இரண்டெழுத்துக் குறியீடுகள் உண்டு, அந்த பிஆர் பிரெஞ்சுச் சொல்லான ப்ரூமிலிருந்து வந்தது. ஈரமே இல்லாமல் தூசியாலும் புகையாலும் மங்கினால் அது இரண்டுமே இல்லை, அதற்குப் பெயர் ஹேஸ். கோடையில் பெருமாள்மலை பக்கமிருந்து கீழே சமவெளியைப் பார்க்கும்போது தெரியும் சாம்பல் நிற மங்கல் பெரும்பாலும் ஹேஸ்தான், அதை மிஸ்ட் என்று விருந்தாளியிடம் சொல்லவேண்டாம்.

இந்த எல்லையை நம் ஊரிலேயே செய்து பார்க்கலாம். உங்கள் வீட்டிலிருந்தோ ஸ்டாண்டிலிருந்தோ நேராகக் கண்ணுக்குத் தெரியும் ஏதாவது ஒன்று, ஒரு செல்ஃபோன் டவர், கோயில் கோபுரம், பெரிய யூகலிப்டஸ் மரம், அதை மொபைல் வரைபடத்தில் தொட்டுத் தூரம் பாருங்கள். சுமார் 1 கிலோமீட்டரில் இருப்பதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். காலையில் மூட்டம் இறங்கியிருக்கும்போது அது மங்கலாகவாவது தெரிந்தால் மிஸ்ட், அடியோடு காணாமல் போயிருந்தால் ஃபாக். சில நாள் இப்படிப் பார்த்துப் பழகினால் சொல் தானாக வாயில் வந்துவிடும்.

இங்கே இன்னொரு சொல்லும் குறுக்கே வரும். கொடைக்கானலில் நாம் பார்ப்பது பல நேரம் கீழே பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவரும் ஈரக்காற்று மலைச்சரிவில் உயர்ந்து குளிர்ந்து உருவாகும் மேகம்தான். டெல்லியில் குளிர்காலத்தில் தரை இரவில் வெப்பத்தை இழந்து, அதன் மேலுள்ள காற்று குளிர்வதால் வரும் ஃபாக்கின் கதை வேறு. "மேகம் இறங்கிருச்சு" என்று ஊரில் சொல்வது அறிவியல்படியும் சரி. அப்படியானால் ஆங்கிலத்தில் க்ளவுட் என்று சொல்வதா, ஃபாக் என்பதா? நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வத்தலக்குண்டிலிருந்து அண்ணாந்து பார்க்கிறவருக்கு மலையை மூடியிருப்பது க்ளவுட், அதே நேரம் டம்டம் பாறை தாண்டி அதற்குள் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறவருக்கு அது ஃபாக்.

அளவு கிடைத்துவிட்டது என்பதற்காக இங்கேயே முடித்துவிடாதீர்கள். லண்டனில் கடைக்குப் போகிறவர் யாரும் 1,000 மீட்டரை அளந்து பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுப்பதில்லை. அளவு துறைக்குரியது, பேச்சு வேறு வழியில் போகும்.

ஐந்தாம் படி: அக்கம்பக்கத்தைப் பாருங்கள்

ஜே. ஆர். ஃபிர்த் என்ற ஆங்கிலேய மொழியியலாளர் 1957-இல் எழுதியது இன்று வரை இந்தத் துறையில் எல்லோரும் சொல்வது: ஒரு சொல் யாரோடு சேர்ந்து இருக்கிறதோ அதை வைத்துத்தான் அதைத் தெரிந்துகொள்ள முடியும். முழு வழிகாட்டியிலும் ஒரே ஒரு படிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

மூன்றாம் படியில் எழுதிவைத்த வாக்கியங்களை எடுத்து, நம் சொல்லுக்கு முன்னால் என்ன வருகிறது, பின்னால் என்ன வினை வருகிறது என்று வட்டம் போடுங்கள். ஃபாக்குக்கு முன்னால் திக், டென்ஸ், ஹெவி, பேட்ச்சி இவையெல்லாம் வரும். மிஸ்ட்டுக்கு முன்னால் ஃபைன், லைட், தின், மார்னிங் வரும். ரோடு, ஏர்போர்ட், டிலே, ஆக்சிடென்ட், வார்னிங் என்று ஃபாக்கைச் சுற்றி இருப்பவை எல்லாம் போக்குவரத்தும் ஆபத்தும். மிஸ்ட்டைச் சுற்றி லேக், பள்ளத்தாக்கைக் குறிக்கும் வேலி, ஹில்ஸ், விடியலைக் குறிக்கும் டான் இருக்கும். வினைகளில் ஃபாக் லிஃப்ட் ஆகும், க்ளியர் ஆகும், அதாவது எப்போது விலகும் என்று யாரோ காத்திருக்கிறார்கள். மிஸ்ட் தண்ணீரிலிருந்து ரைஸ் ஆகும், ஏரியின் மேல் ஹேங் ஆகும், யாரும் அதை விரட்டவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ரோல் இன் மாதிரி சில வினைகள் இரண்டோடும் சேரும், அதனால் எல்லாமே பிரிந்துவிடும் என்று எதிர்பார்க்கவேண்டாம்.

இன்னும் ஆழமாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சொற்றொகுப்புகள் இருக்கின்றன. பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் என்பது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த பிரிட்டிஷ் ஆங்கிலத்திலிருந்து எடுத்த பத்துக் கோடிச் சொற்களின் தொகுப்பு, இணையத்தில் பதிவுசெய்துகொண்டு தேடலாம். ஒரு சொல்லைக் கொடுத்தால் அதற்குப் பக்கத்தில் அடிக்கடி வரும் சொற்களை வரிசைப்படுத்திக் காட்டும். அமெரிக்க ஆங்கிலத்துக்கும் இதே மாதிரி இதைவிடப் பெரிய தொகுப்பு உண்டு. இதெல்லாம் வேண்டாம் என்றால் தேடுபொறியில் இரண்டு சொற்களையும் மேற்கோள் குறிக்குள் போட்டு, டென்ஸ் ஃபாக் என்றும் டென்ஸ் மிஸ்ட் என்றும் மாறிமாறித் தேடி, வந்து விழும் வாக்கியங்களைப் படியுங்கள். தேடுபொறி காட்டும் எண்ணிக்கையை நம்பவேண்டாம், அது மாறிக்கொண்டே இருக்கும், வாக்கியங்களைப் படிப்பதில்தான் பலன்.

ஆறாம் படி: இடம் மாற்றிப் பாருங்கள்

ஒரு வாக்கியத்தை எடுத்து, ஃபாக் இருக்கும் இடத்தில் மிஸ்ட்டை வையுங்கள், பிறகு திருப்பிச் செய்யுங்கள். மூன்று விதமான முடிவு வரும்.

சில இடங்களில் மாற்றவே முடியாது. ஒன்றும் புரியவில்லை, துளிக்கூடத் தெரியாது என்பதற்கு ஐ ஹேவன்ட் த ஃபாகியஸ்ட் ஐடியா என்பார்கள், மிஸ்டியஸ்ட் என்று சொன்னால் விழிப்பார்கள். களைப்பிலோ நோய்க்குப் பிறகோ மூளை மந்தமாக இருப்பது பிரெய்ன் ஃபாக், பிரெய்ன் மிஸ்ட் கிடையாது. எதிர்ப்பக்கத்தில், எப்போது தொடங்கியது என்றே தெரியாத பழங்காலம் த மிஸ்ட்ஸ் ஆஃப் டைம், அங்கே ஃபாக்குக்கு இடமில்லை. கண் கலங்கினால் மிஸ்டி ஐஸ்தான்.

சில இடங்களில் மாற்றலாம், ஆனால் காட்சி மாறிவிடும். ஏரியின் மேல் மிஸ்ட் இருக்கிறது என்றால் படகும் மறுகரை மரங்களும் மங்கலாகத் தெரிகிற படம் மனதில் வரும். ஏரியின் மேல் ஃபாக் இருக்கிறது என்றால் ஏரியே தெரியவில்லை, படகுச் சவாரியை நிறுத்தியிருப்பார்கள் என்று தோன்றும். நமக்கு வேண்டிய வித்தியாசம் இந்த இரண்டாம் வகையில்தான் கிடைக்கிறது, அதனால் இங்கே நிறைய வாக்கியங்களை முயன்று பாருங்கள்.

சில இடங்களில் இரண்டும் ஒன்றேதான். மழையில் வண்டிக்குள் கண்ணாடி மங்கிப்போனால் பிரிட்டன்காரர் மிஸ்ட் அப் என்பார், அமெரிக்கர் ஃபாக் அப் என்பார். இது ஊர் வித்தியாசம், பொருள் வித்தியாசம் இல்லை. இப்படி ஒரு இடம் கிடைத்தால் அதை வைத்து மற்ற இடங்களை முடிவு செய்துவிடாதீர்கள்.

ஏழாம் படி: இலக்கணம் என்ன சொல்கிறது

ஃபாக், மிஸ்ட் விஷயத்தில் இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம், ஏனென்றால் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன. பொதுவாக எண்ண முடியாத பெயர்கள், ஆனால் ஒரு குறிப்பிட்ட மூட்டத்தைச் சொல்லும்போது முன்னால் அ சேர்க்கலாம், அ திக் ஃபாக், அ ஃபைன் மிஸ்ட். பெயரடையாக ஃபாகி, மிஸ்டி. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஃபாகி மெமரி என்றால் நினைவு சரியாக இல்லை என்ற குறை.

சில ஜோடிகளில் இலக்கணமே மொத்த வித்தியாசத்தையும் காட்டிக்கொடுத்துவிடும். தூண் பாறையில் தினமும் காதில் விழுவது "பியூட்டிஃபுல் சீனரீஸ்". சீனரி எண்ண முடியாத சொல், அதற்குப் பன்மை வேண்டாம். வியூ எண்ணக்கூடியது, ஒரு இடத்தில் நின்று பார்ப்பது, அதனால் இங்கே மூன்று வியூஸ் இருக்கின்றன என்று தாராளமாகச் சொல்லலாம். மலை முழுக்க விரிந்து கிடப்பது சீனரி, இந்தக் கம்பி வேலியிலிருந்து தெரிவது வியூ. விருந்தாளியிடம் த சீனரி இஸ் பியூட்டிஃபுல் என்று சொல்லிப் பழகுங்கள், ஒரு எழுத்தைக் குறைத்தாலே ஆங்கிலம் நிமிர்ந்துவிடும்.

எட்டாம் படி: சொல்லின் மனநிலை

இது ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்களுக்கு நேரடியாகப் பணம் சம்பந்தப்பட்ட படி. ஃபாக், மிஸ்ட் இரண்டும் நீர்த்துளிதான், ஆனால் கேட்கிறவர் மனதில் எழுப்பும் உணர்ச்சி வேறு. ஃபாக் என்றால் தொல்லை, தாமதம், கவனம். மிஸ்ட் என்றால் அமைதி, அழகு, கொஞ்சம் மர்மம். இதற்கு வரலாறும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நிலக்கரிப் புகையும் ஃபாக்கும் கலந்து லண்டன் பல தலைமுறைகள் மூச்சுத்திணறியிருக்கிறது. ஸ்மோக், ஃபாக் இரண்டையும் ஒட்டி ஸ்மாக் என்ற சொல் 1905-இல் அங்கே பேச்சுக்கு வந்தது. 1952 டிசம்பரில் 5-ஆம் தேதி முதல் 9-ஆம் தேதி வரை லண்டனை மூடிய ஸ்மாக்கில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். புகையோடு ஒட்டிக்கொள்ள ஆங்கிலம் ஃபாக்கைத் தேர்ந்தெடுத்தது, மிஸ்ட்டை விட்டுவிட்டது.

இப்போது உங்கள் அறை விளம்பரத்துக்கு வாருங்கள். ஃபாகி வேலி வியூ ரூம் என்று எழுதினால், ஆங்கிலத்தில் யோசிக்கிறவர் "ஜன்னலைத் திறந்தால் ஒன்றும் தெரியாது போல" என்று அடுத்த அறைக்கு நகர்ந்துவிடுவார். மிஸ்டி வேலி வியூ என்றால் விடியற்காலையில் காபி டம்ளரோடு நிற்கத் தோன்றும். ஆனால் டாக்ஸி ஓட்டுகிறவர்களுக்கு நான் நேர்மாறாகச் சொல்வேன். இரவில் கீழே இறங்கவேண்டும் என்று விருந்தாளி அடம்பிடித்தால், பெருமாள்மலையிலிருந்து மூட்டமாக இருக்கிறது என்பதை மிஸ்ட் என்று மென்மையாகச் சொல்லாதீர்கள். தேர் இஸ் டென்ஸ் ஃபாக் ஆன் த காட் ரோடு என்று சொன்னால்தான் ஆபத்து என்பது அவருக்கு உறைக்கும், காலையில் போகலாம் என்று ஒத்துக்கொள்வார். ஹெட்லைட்டை ஹை பீமில் போட்டால் துளிகளில் பட்டு வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பி வரும், அதனால்தான் ஃபாக் லைட்டைத் தாழ்வாகப் பொருத்துகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் உங்கள் மேல் நம்பிக்கை கூடும்.

ஒன்பதாம் படி: உங்கள் சொந்த வரியை எழுதுங்கள்

இதுவரை சேர்த்ததை எல்லாம் ஒரு தமிழ் வரியாகச் சுருக்குங்கள். அகராதியின் வரியைக் காப்பி அடிக்கக்கூடாது, உங்கள் வேலையில் நாளைக்கே பயன்படுகிற மாதிரி இருக்கவேண்டும். டாக்ஸி ஓட்டுகிற ஒருவருக்கு: "வண்டியை மெதுவாக்க வைத்தால் ஃபாக், போட்டோ எடுக்க வண்டியை நிறுத்தச் சொன்னால் மிஸ்ட்." ஹோம்ஸ்டேக்காரருக்கு: "எதிர் மலை மங்கலாகத் தெரிந்தால் மிஸ்ட், எதிர் வீடே தெரியாவிட்டால் ஃபாக்." அறிவியல்படி இவை முழுமையானவை அல்ல, ஆனால் வாய் திறக்கும் நேரத்தில் கைகொடுக்கும். வரிக்குக் கீழே மாற்ற முடியாத சொற்றொடர்களைத் தனியாகக் குறித்துவையுங்கள், அவற்றை மனப்பாடம்தான் செய்யவேண்டும்.

இப்போது இதே முறையில் கிளைமேட், வெதர் ஜோடியை ஓட்டிப் பார்ப்போம், நம் ஊரில் இதைவிட அதிகம் பேசப்படும் ஜோடி இல்லை. குழப்பம் எங்கிருந்து வருகிறது? தமிழுக்கே இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். வானிலை ஆய்வு மையம் நாளைக்கு மழை வருமா என்று சொல்கிறது, காலநிலை மாற்றம் பல பத்தாண்டுக் கதை. ஆனால் கிளைமேட் என்ற கடன் சொல் மட்டும் தமிழ்ப் பேச்சில் இன்றைய குளிரையும் மேகத்தையும் குறிக்கத் தொடங்கிவிட்டது. தமிழில் பேசும்போது அப்படிச் சொல்வதில் எந்தத் தவறும் இல்லை, எல்லோருக்கும் புரிகிறது. அதை அப்படியே தூக்கி டுடே கிளைமேட் இஸ் வெரி நைஸ் என்று ஆங்கிலத்தில் வைக்கும்போதுதான் இடறுகிறது. அளந்து வைத்திருக்கிறார்களா? ஆம், ஒரு இடத்தின் கிளைமேட்டைச் சொல்ல 30 ஆண்டுச் சராசரி எடுப்பது வானிலையாளர்களின் வழக்கம், இப்போது பயன்பாட்டில் இருப்பது 1991 முதல் 2020 வரையிலான கணக்கு. அக்கம்பக்கம்? வெதரோடு டுடே, டுமாரோ, ஃபோர்காஸ்ட், ரிப்போர்ட். கிளைமேட்டோடு சேஞ்ச், ட்ராபிகல், மைல்ட், ட்ரை. இடம் மாற்றினால்? உடம்பு சரியில்லை என்பதற்கு அண்டர் த வெதர், அங்கே கிளைமேட் நுழையாது. இலக்கணம்? இங்கே ஒரு பொறி இருக்கிறது: அ கிளைமேட் என்று சொல்லலாம், அ வெதர் என்று சொல்லக்கூடாது. வாட் அ லவ்லி கிளைமேட் இலக்கணப்படி நிற்கும், வாட் லவ்லி வெதர் என்பதில் அ வராது. கடைசி வரி: "ஊரின் குணம் கிளைமேட், இன்றைய போக்கு வெதர்." விருந்தாளி வந்து இறங்கியதும் த வெதர் இஸ் லவ்லி டுடே, ஊரைப் பற்றிப் பேசும்போது கொடைக்கானல் ஹாஸ் அ கூல் கிளைமேட்.

ஃப்ராஸ்ட், ஸ்னோ ஜோடியை நீங்களே செய்துபாருங்கள். ஒரு துப்பு மட்டும் தருகிறேன்: ஒன்று வானத்திலிருந்து விழுகிறது, இன்னொன்று எங்கிருந்தும் விழுவதில்லை, காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த புல்லின் மேலேயே உறைந்து படிகிறது. டிசம்பரில் போன் செய்து "ஸ்னோ இருக்கா?" என்று கேட்கிறவருக்கு என்ன பதில் சொல்லவேண்டும் என்று அதிலேயே தெரிந்துவிடும், இல்லாத ஸ்னோவை நம்பி ஒரு குடும்பம் மலை ஏறி வரவேண்டியதில்லை.

பத்தாம் படி: ஆளிடம் கேளுங்கள், ஆனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள்

ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள விருந்தாளி கிடைத்தால் அது பெரிய வாய்ப்பு. "ஃபாக்குக்கும் மிஸ்ட்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டால் அவர் திணறுவார், ஏதாவது ஒரு விளக்கத்தை அந்த இடத்திலேயே உண்டாக்குவார், அது தவறாகவும் இருக்கலாம். நம்மிடம் யாராவது வந்து பார்ப்பதற்கும் நோக்குவதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் நாமும் அப்படித்தான் செய்வோம். அதற்குப் பதில், கோக்கர்ஸ் வாக்கில் நிற்கும்போது பள்ளத்தாக்கைக் காட்டி, "இதை நீங்கள் என்ன சொல்வீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். யோசிக்காமல் முதலில் வாயில் வருவதுதான் சரியான பதில். அரை மணி நேரம் கழித்து மூட்டம் கூடியதும் திரும்பவும் கேளுங்கள், சொல் மாறுகிறதா என்று பாருங்கள். வட்டக்கானலில் தங்கும் வெளிநாட்டவர் பலருக்கு ஆங்கிலம் நம்மைப் போலவே படித்து வந்த மொழி, அதனால் முதலில் எந்த நாடு என்று விசாரித்துவிட்டு அப்புறம் கேளுங்கள். பதிலோடு ஊர்ப்பெயரையும் நோட்டில் பக்கத்திலேயே எழுதிவைத்தால், லண்டன்காரர் ஒன்றும் சிகாகோகாரர் இன்னொன்றும் சொல்கிற இடங்களில் இரண்டையுமே வைத்துக்கொள்ளலாம்.